தோட்டத்துக் கருவியைத் தோண்டி எடுக்கச் சொல்லி மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் நலமும், உன் ஆபீஸ் பூமிக்கடியில் அடைத்து வைத்திருக்கும் வாயுவின் நலமும் அறிய ஆவல்.

ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவை ஆழத்துப் பாறைக்குள் செலுத்தி மூடியிருக்கிறோம், அது அங்கேயே அடங்கிக் கிடக்கிறதா என்று நில அதிர்வை வைத்துக் கவனிக்க வேண்டும், உங்கள் தோட்டத்தில் சின்னதாக ஒரு கருவி புதைக்கட்டுமா என்று கேட்டாய். சொந்தக்காரனாயிற்றே என்று தலையாட்டினேன். அன்று பிடித்தது சனி. வாஷிங் மெஷின் சுற்றினால் உன் ஆபீஸ் பெண் போன் செய்கிறாள். வாளி விழுந்தால் போன். "சார், தொம்முன்னு கேட்டுச்சே, பாறைலேருந்தா, உங்க வீட்டுலேருந்தா?" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆணி அடித்ததற்கும் நான்தான் பதில் சொன்னேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நீ செய்த காரியம் இருக்கிறதே. இதயத்துக்கு நல்லது, தினமும் காலையில் நடங்கள் என்றார் டாக்டர். நானும் தோட்டத்துக்குப் போய், துணிக்கொடிக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துவிட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளே வருவேன். உன் அக்காவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. சாப்பிட வந்த இடத்துல நீ, "அத்தான், காலைல உங்க தோட்டத்துல யாரோ நாலு அடி நடக்கறாங்க, அப்புறம் அரைமணி நேரம் சத்தமே இல்ல, எங்க பதிவுக்கு ரொம்ப சௌகரியம்"னு பெருமையாச் சொல்லிட்டியே. உன் அக்கா கரண்டியைக் கீழே வச்சா. "அப்ப தினம் வேர்த்து வழிஞ்சது?"ன்னா. அதோட பேச்சு நின்னுது. நாப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன்ப்பா நான், மேலயும் கீழயும் போய் வந்தவனுக்குப் பக்கவாட்டுல நடக்க வராதுன்னா யாரு கேக்கறா? இப்ப என் பங்கையும் சேர்த்து அவளே தோட்டத்துல நடக்கறா, என்னைக் குத்திக் காட்ட.

ஆகவே இந்த வாரத்துக்குள் கருவியைத் தோண்டி எடுத்துவிடு. இல்லையென்றால் உறவு முறிந்தது என்று வைத்துக்கொள்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்கு, கருவி போன பிறகு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இதை உறையில் போடும்போது அந்தப் பெண் போன் செய்தாள். வழக்கம்போல் எரிந்து விழுந்தேன். "சார், அம்மா நடை கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவை தொம்முன்னுச்சு. அப்புறம் நடையே இல்ல. போய்ப் பாருங்க" என்றாள். ஓடினேன். துணிக்கொடிக்குப் பின்னால் கிடந்தாள் உன் அக்கா. என் நாற்காலி தடுக்கியிருக்கிறது. கணுக்கால் சுளுக்குதான், பயப்படாதே. "ஏன் கூப்பிடலை?" என்றேன். "நாமதான் பேசறதில்லையே" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓடவே வருதே உங்களுக்கு" என்றாள். கருவி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாற்காலியை வந்து எடுத்துக்கொண்டு போ.