தூண்டில் கடைக்கு வந்த ஜுரம்

மண்புழுக்கள் சட்டியை விட்டு வெளிநடப்பு செய்ய ஆரம்பித்திருந்தன.

சின்னையா ஒன்றைப் பிடித்து உள்ளே போட்டால் இரண்டு வெளியே வந்தன. விற்காத புழு எத்தனை நாள்தான் ஒரே சட்டியில் குடியிருக்கும்? அதுகளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஓடத்துறையில், காவேரிப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது சின்னையாவின் தூண்டில் கடை. மேட்டூரைத் திறந்து புதுத் தண்ணீர் வந்துவிட்டால் போதும், திருச்சி ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் கை அரிக்க ஆரம்பித்துவிடும். தின்பதற்கு மீன் வேண்டுமென்றால் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். இவர்களுக்கு வேண்டியது மீன் இல்லை. தண்ணீரில் மிதக்கிற தக்கை லபக்கென்று முங்கும் பாருங்கள், அந்த ஒரு நொடி. அதற்காக ஞாயிற்றுக்கிழமை பூராவும் வெயிலில் காய்வார்கள். அந்தப் பைத்தியங்களை நம்பித்தான் சின்னையா கம்பும் நரம்பும் முள்ளும் வாங்கி அடுக்கியிருந்தார்.

இந்த 1957-ஆம் வருஷம் பார்த்தா அந்தப் பாழாய்ப்போன ப்ளூ ஜுரம் வரவேண்டும்? கப்பலில் மெட்ராஸுக்கு வந்து இறங்கி, அங்கிருந்து டிக்கெட் வாங்காமல் ரயிலேறித் திருச்சிக்கும் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு கம்பளியும் மிளகுக் கஷாயமும். ஆற்றங்கரையில் ஈ, காக்காய் இல்லை.

"என்ன மாப்பிள்ளை, புழு மேய்க்கிறீங்களா?"

வாசலில் வெள்ளைச்சாமி நின்றிருந்தார். சின்னையாவின் மனைவி செல்லக்கண்ணுவுக்கு உடன்பிறந்த அண்ணன். துறையூரில் நிலக்கடலை மண்டி வைத்திருப்பவர்.

"வாங்க மச்சான்."

"இதைக் கட்டிக்கிட்டு அழுவாம, மூடிட்டு நம்ம மண்டிக்கு வந்துடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மெத்தை போட்டுக் கல்லாவுல உக்கார வைக்கிறேன். நம்பிக்கையான ஆளு ஒருத்தர் இல்லாம நான் தவியாத் தவிக்கிறேன்."

சின்னையா அந்த மண்டியை ஒரு தடவை பார்த்திருக்கிறார். உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை தும்மினார். கடலைத் தூசிக்கு நடுவில் நாள் பூராவும் உட்கார்ந்து, மச்சான் எப்போது கூப்பிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அவருக்கு மறுபடியும் தும்மல் வந்தது. இங்கே ஓட்டைக் கடையானாலும் அவர்தான் ராஜா. எதிரே காவேரி ஓடுகிறது. வேறென்ன வேண்டும் மனுஷனுக்கு?

"ஆடிப்பெருக்கு வரைக்கும் பாக்கறேன் மச்சான். அதுக்குள்ள வியாபாரம் எழுந்திரிக்கலேன்னா நானே மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடறேன்."

வாய் தவறி வந்துவிட்டது. சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் வந்து நின்ற செல்லக்கண்ணு அதை லேசில் விடுவாளா?

"அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது, சொல்லிட்டேன். எனக்கும் இந்தப் புழு நாத்தம் போதும்."

மறுநாள் காலையில் சின்னையா ஸ்ரீரங்கத்துக்குப் போனார். அங்கே அவருடைய பழைய வாடிக்கைக்காரர் வரதாச்சாரி, பாங்குக் குமாஸ்தா, கம்பளிக்குள் கிடந்தார். ஆசாரமான குடும்பம், மீனைக் கையால் தொடமாட்டார். ஆனால் தூண்டில் என்றால் உயிர். புழுவைக் கோப்பதும், சிக்கிய மீனை எடுத்து ஆற்றிலேயே விடுவதும் கடை ஆள் அம்மாசியின் வேலை. அந்த நேரத்தில் வரதாச்சாரி கண்ணை மூடிக்கொண்டு, "அடியேன் ஜலத்தைச் சேவிச்சுண்டிருக்கேன், அவ்வளவுதான்" என்பார்.

"ஜுரம் எப்பவோ விட்டுடுத்து சின்னையா. டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார். ரெஸ்ட் எங்கே எடுக்கறது? மணிக்கொரு கஷாயம், மணிக்கொரு அர்ச்சனை."

சின்னையாவின் மூளையில் பளிச்சென்று ஒன்று மின்னியது. மின்னாமல் இருந்திருக்கலாம்.

"ரெஸ்ட்டுன்னா என்னங்க சாமி? தனியா உக்காரணும், யாரோடயும் பேசக்கூடாது, நல்ல காத்து வாங்கணும். தூண்டில் போடறவன் வேற என்ன செய்யறான்?"

வரதாச்சாரி எழுந்து உட்கார்ந்தார். "அடியேனுக்கு இது தோணலையே!"

"பாங்குல லீவு குடுப்பாங்களா?"

"குடுப்பாளாவா? ப்ளூன்னு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். மேனேஜர் அந்தக் கார்டையே இடுக்கியால பிடிச்சுண்டுதான் படிச்சாராம். 'பூரண குணமாகாமல் இந்தப் பக்கமே வராதேயும்'னு பதில் வந்துடுத்து."

அவ்வளவுதான். இந்தச் சேதி எப்படித்தான் பரவியதோ, ஜுரத்தைவிட வேகமாகப் பரவியது. ஆபீசுக்கு ஆபீஸ் ப்ளூ என்று எழுதிப் போட்டார்கள். ஆபீசில் வீட்டில் படுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, வீட்டில் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நேரே ஓடத்துறைக்கு வந்தார்கள். தும்மல் கிம்மல் எதுவும் கிடையாது; எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். அம்மாசி புழு தோண்டித் தோண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். சின்னையா சந்தோஷத்தில் மிதந்தார்.

மிதந்துகொண்டிருக்கும்போதே அடைக்கலம் என்ற குமாஸ்தா கடைக்குள் பாய்ந்து புழுச் சட்டிக்குப் பின்னால் பதுங்கினான்.

"அண்ணே, என்னை மறைங்க! அந்தா வர்றாரே, அவரு எங்க ஹெட்கிளார்க் அப்துல் ரஹீம். எனக்குக் கடுமையான ஜுரம்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

வெளியே குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்த அப்துல் ரஹீம், சின்னையாவின் காதோரம் குனிந்தார்.

"சின்னையா, உள்ள நம்ம ஆபீஸ் ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா? நான் ப்ளூல படுத்திருக்கேன்."

சின்னையாவுக்கு வேர்த்துவிட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் இரண்டு பேரும் அன்றோடு சரி. சேதி பரவினால் மற்றவர்களும் ஓடிவிடுவார்கள். சட்டென்று இரண்டு துண்டுகளை எடுத்தார். கண் மட்டும் தெரிய ஆளுக்கொன்றைக் கட்டிவிட்டார்.

"இனிமே கரையில யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கக்கூடாது, பேரும் கேக்கக்கூடாது. ஜுரத்துக்கும் பாதுகாப்பு, வேலைக்கும் பாதுகாப்பு."

இந்த ஏற்பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லி முடியாது. முகம் தெரியாது என்று தெரிந்ததும், அதுவரை பயந்து ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த யோக்கியர்களும் கிளம்பி வந்துவிட்டார்கள். கரை நெடுக முக்காடு போட்ட உருவங்கள். கொள்ளைக்காரர்கள் மாநாடு நடப்பதுபோல் இருந்தது.

அடைக்கலமும் அப்துல் ரஹீமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உயிர்ச் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள்.

"எங்க ஹெட்கிளார்க் இருக்கானே ஸார், அப்படியொரு சிடுமூஞ்சியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்பான் அடைக்கலம்.

"அதை ஏன் கேக்கறீங்க, எனக்குக் கீழ ஒருத்தன் இருக்கான், சுத்த சோம்பேறி. உங்களை மாதிரி ஒரு தங்கமான ஆளு எனக்குக் கிடைக்க மாட்டேங்கிறாரே" என்பார் ரஹீம்.

"உங்களை மாதிரி ஒரு அதிகாரி எனக்கு வாய்க்கலையே ஸார்!"

இரண்டு பேரும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து முக்காட்டுக்குள் விட்டுச் சாப்பிடுவார்கள். விஷயம் தெரிந்த சின்னையாதான் கடைக்குள்ளே நின்று வேர்த்து விறுவிறுத்துப் போவார்.

மீன் குறையவே இல்லை. எப்படிக் குறையும்? வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, ஆபீசுக்கும் கொண்டுபோக முடியாது. பிடித்ததையெல்லாம் அம்மாசி திரும்ப ஆற்றிலேயே விட்டுக்கொண்டிருந்தான். வரதாச்சாரியிடம் காலையில் சிக்கிய மூக்கறுந்த கெளுத்தி, மத்தியானம் ரஹீமிடம் சிக்கி, சாயங்காலம் அடைக்கலத்திடம் வந்து சேரும். அதற்கும் பழகிவிட்டது போலிருக்கிறது.

வெள்ளைச்சாமி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்துக்குக் கடைக்கு வந்து நின்று, "என்ன மாப்பிள்ளை, இன்னும் மூடலியா?" என்பார்.

"கூட்டத்தைப் பாத்தீங்கல்ல மச்சான்?" என்பார் சின்னையா மீசையைத் தடவிக்கொண்டு.

"பாத்தேன், பாத்தேன். எல்லாம் எத்தனை நாளைக்கு?"

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, பேப்பரில் செய்தி வந்தது. மற்ற ஊர்களிலெல்லாம் ப்ளூ அடங்கிவிட்டதாம். திருச்சியில் மட்டும் நாளுக்கு நாள் ஏறுகிறதாம். ஆபீஸ் ஆபீசாக வந்து குவிகிற லீவுக் கடிதாசிகளைப் பார்த்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் நடுங்கிப்போய், ஜுரம் எங்கிருந்துதான் கிளம்புகிறது என்று தேடிக்கொண்டு ஓடத்துறைக்கே வந்துவிட்டார்.

கரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். "யாருய்யா இவங்கள்லாம்?"

உண்மையைச் சொன்னால் அத்தனை பேருக்கும் வேலை போகும். சின்னையா பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ப்ளூ வந்தவங்க ஸார்."

"இத்தனை பேருமா!"

இன்ஸ்பெக்டர் பின்பக்கமாகவே நடந்து போனார். மறுநாள் கரைக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். 'ப்ளூ பரவும் இடம். யாரும் வரக்கூடாது' என்று போர்டு. கடைக்குப் பூட்டு.

ஆடிப்பெருக்குக்கு இன்னும் சில நாள்தான். ஓடத்துறைப் பெண்களெல்லாம் கயிற்றைப் பார்த்துவிட்டு நேரே சின்னையா வீட்டுக்கு வந்தார்கள். "முளைப்பாலிகையை எங்க கொண்டுபோய் விடறது? உன் புருஷன் தலையிலயா?" என்று செல்லக்கண்ணுவைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் சின்னையாவைப் பிடித்து உலுக்கினாள். வேறு வழியில்லாமல் அவர் இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். யார் பேரையும் சொல்லாமல் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம்.

"ஸார், யாருக்கும் ஜுரம் இல்லீங்க. எல்லாரும் சும்மா மீன் பிடிக்க வந்தவங்க."

"மீனா? கூடையில ஒரு மீன்கூட நான் பாக்கலையே."

"பிடிச்சு ஆத்துலயே விட்டுடுவாங்க ஸார். திரும்ப அதையே பிடிப்பாங்க."

"முகத்தை ஏன் மூடியிருக்காங்க?"

"பக்கத்துல உக்காந்திருக்கிற ஹெட்கிளார்க்குக்குத் தெரியக்கூடாதுன்னு ஸார். ஆனா ஹெட்கிளார்க்கும் மூடியிருப்பாரு. ரெண்டு பேரும் சிநேகிதங்க."

இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ஜுரம் மூளைக்கு ஏறிடுச்சு. இந்த ஆளை வீட்டை விட்டு வெளிய விடாதீங்க!"

அப்படியாகத் திருச்சியிலேயே தும்மாமல் இருமாமல் ப்ளூ வந்த ஒரே ஆள் என்ற பெயர் சின்னையாவுக்குக் கிடைத்தது. ஆடிப்பெருக்கு அன்று ஊரே வேறு படித்துறைக்குப் போய்ப் படைத்துவிட்டு வந்தது. அவர் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை ஆசையாக வைத்த கடை! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச்சாமியின் தலை தெரிந்தது.

"நான் சொன்னப்பவே கேட்டிருந்தா இந்தப் பாடு உண்டா மாப்பிள்ளை? தீபாவளி வரைக்கும் கயித்தை அவுக்க மாட்டாங்களாம். குடுத்த வாக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மச்சான். தோத்துட்டேன்." சின்னையா கடைச் சாவியை ஜன்னல் வழியாகப் போட்டார். "இருக்கிற சாமானை யாருக்காச்சும் குடுத்துடுங்க. என்னால அதைப் பாக்க முடியாது."

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். இந்த வீட்டு அடைப்பு முடிஞ்சதும் நேரா துறையூருக்கு பஸ் ஏறிடுங்க."

அடைப்பு முடிந்த அன்றைக்கே சின்னையாவும் செல்லக்கண்ணுவும் தகரப் பெட்டியோடு துறையூரில் வந்து இறங்கினார்கள். வழி நெடுக அவர் காவேரி இருந்த பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். செல்லக்கண்ணுவுக்கே பாவமாகிவிட்டது. "விடுங்க, அண்ணன் தங்கமா வச்சுக்குவாரு" என்றாள்.

மண்டிக்குள் காலை வைத்ததும் முதல் தும்மல் வந்தது. உள்ளே மெத்தை தயாராக இருந்தது. ஆளைத்தான் காணோம். மூலையில் இருளாயி என்ற பெண்பிள்ளை மட்டும் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி எங்கம்மா?"

"நீங்கதான் திருச்சி மாப்பிள்ளைங்களா?" என்று எழுந்து வந்து, இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்துச் சின்னையாவின் கையில் வைத்தாள். "கல்லாச் சாவிங்க. உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. ஆத்தங்கரையில இன்னிக்குக் கயித்தை அவுக்கறாங்கன்னு சேதி வந்துச்சு, காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஓடுனாரு."

"தீபாவளி வரைக்கும் அவுக்க மாட்டாங்கன்னாரே! கயித்தை அவுத்தா அவருக்கென்ன? எப்ப திரும்பி வருவாரு?"

இருளாயி ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"இனிமே எங்கிட்டு வரப்போறாருங்க? எங்ககிட்ட ப்ளூ ஜுரம்னு சொல்லிட்டு, மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டுத் தெனமும் உங்க கரையிலதான உக்காந்திருந்தாரு. மண்டிக்கு ஒரு ஆளு கிடைச்சதும், அந்தத் தூண்டில் கடையைத் தானே நடத்தப் போயிட்டாரு!"