முழுத் தோல்வி பெற்ற பள்ளி

கல்வியின் வரலாற்றில் கிரேக்க தேசத்துக்கு ஓர் இடம் உண்டு என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். நாலந்தாவுக்கும் ஓர் இடம் உண்டாம். அதையும் நாம் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஜப்பானியர் ஆண்டபோது ஜோகூர் மாநிலத்தில் கல்வி கண்ட முன்னேற்றத்தை வேறு எந்த நாடும் எந்தக் காலத்திலும் கண்டதில்லை. மற்ற இடங்களில் கல்வி தலைமுறைக்கு ஒருமுறை முன்னேறும். இங்கே அது வாராவாரம் முன்னேறியது, சில வாரங்களில் இரண்டு முறைகூட.

இந்த முன்னேற்றத்தில் பங்குகொள்ளும் பாக்கியம் பெற்றவர்களில் ஒருவர், பெக்கோக்கை அடுத்த ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் மரியநாதன். ஒல்லியான மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும், இலாகா கூட்டத்துக்கும் ஒரே கோட்டுத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய பள்ளியில் தேறாத பிள்ளை கிடையாது. தேறாமல் போகப் பிள்ளைகளுக்கு ஆசை இருந்தாலும் அவருடைய பிரம்பு விட்டதில்லை. அதற்காக இலாகா கொடுத்த பாராட்டுப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு, மாதா படத்துக்கு அடுத்தபடியாகச் சுவரில் மாட்டியிருந்தார்.

ஜப்பானியர் கணக்கில் இரண்டாயிரத்து அறுநூற்று மூன்றாம் ஆண்டு, அதாவது நேற்றுவரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாக இருந்த ஆண்டு, தவணைத் தொடக்கத்தில் தலைமையாசிரியர்களை எல்லாம் குளுவாங்குக்கு அழைத்தார்கள். 'கல்விப் புதுச்செய்திகள்' தெரிவிப்பதற்காக. ரப்பர் விளையும் நாட்டில் டயர் கிடைக்கவில்லை; ஆகவே பலர் சைக்கிள் சக்கரத்தில் கயிறு சுற்றி மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

செய்திகளை வாசித்தவர் பள்ளிகளைச் சோதிக்கும் பார்வையாளர் கனகராஜ். வெள்ளைக்காரன் காலத்திலும் அவர்தான் வாசித்தார். அப்போது தலையில் சோலா தொப்பி, இப்போது துணித் தொப்பி. தொப்பிக்குக் கீழே எந்த மாற்றமும் இல்லை.

கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டதால் பள்ளி இனி விடியுமுன் தொடங்கும் என்றார். இந்த அறிவிப்பு சூரியனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அது பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் வடகிழக்கு நோக்கி, அரண்மனை இருக்கும் திசையில், இடுப்பு வளைய வணங்க வேண்டும் என்றார். மரியநாதனின் பள்ளிக்கு நேர் வடகிழக்கில் தோட்டத்துக் கக்கூஸ் இருந்தது. விளையாட்டுத் திடலில் மரவள்ளி நட வேண்டும் என்றார். ஓட்டப்பந்தயத்தைவிட மரவள்ளி உடம்புக்கு நல்லது என்பதற்கு அவரிடம் நிறைய காரணங்கள் இருந்தன.

கடைசியாகத்தான் பெரிய செய்தி வந்தது. ஒவ்வொரு தோட்டப் பள்ளியும் மாலையில் பெரியவர்களுக்கு நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் மொழி, சொல்லிக்கொடுக்க வேண்டும். தவணை முடிவில் ஜப்பானிய அதிகாரி நேரில் வந்து தேர்வு வைப்பார். தேறியவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளைச் சின்னமும், சயாமில் ரயில் பாதை போடும் 'பெருமையும்' கிடைக்கும்.

ரப்பர் வாங்க ஆளில்லாத காலம் அது. வேலையில்லாத பால்வெட்டுக்காரர்களைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போகும் லாரி எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரு முறையாவது வந்திருந்தது. மூன்றே மாதம் என்று சொல்லி ஏற்றினார்கள். மூன்று மாதம் முடிந்து, லாரிதான் மறுபடி வந்தது.

மரியநாதன் மெல்ல எழுந்தார்.

"படிச்சிக்கிட்டு இருக்கிறவங்கள லாரியில ஏத்துவாங்களா சார்?"

"படிப்பு முடியிற வரைக்கும் தொடக்கூடாதுன்னு உத்தரவு. கட்டளை புரியிற ஆளுங்கதான் அங்க வேணுமாம்."

"அப்ப தேறாதவங்க?"

"தேறுற வரைக்கும் படிக்கணும்."

"தேறவே இல்லன்னா?"

கனகராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "தேறுற வரைக்கும்னு சொன்னேன்ல? ஆனா ஒண்ணு மரியநாதன், முயற்சி பண்ணாம சும்மா குந்தியிருக்கிறவன அன்னைக்கே லாரியில ஏத்திடுவாங்க. படிப்பு வராம இருக்கலாம். ஆர்வம் இல்லாம இருக்கக்கூடாது."

பெக்கோக் திரும்பும் வழியெல்லாம் மரியநாதனுக்கு அந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்கள் வகுப்பில் சேர வேண்டும். ஆர்வமாகப் படிக்க வேண்டும். ஆனால் ஒருவர்கூடத் தேறக் கூடாது. தேர்ச்சிக்கே பேர்போன ஓர் ஆசிரியருக்கு ஆண்டவர் கொடுத்த சோதனை அது.

மறுநாள் பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்த இடத்தில், விஷயத்தை இரகசியமாகச் சொன்னார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆண்கள் மொத்தமாக வந்து சேர்ந்துவிட்டார்கள். மீசை நரைத்தவர்களும் முழங்காலைக் காதுவரை மடக்கிக்கொண்டு முதல் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு நிப்பொங்கோவில் உள்ள "ஹாய்" என்ற சொல்லைக் கத்திக் குனிந்தார்கள். குனிந்த வேகத்தில் இரண்டு பெஞ்சு உடைந்தது. ஆர்வத்துக்கு ஒரு குறையும் இல்லை. படிப்பும் வரவில்லை. மரியநாதன் மனம் நிறைந்து போனார்.

அப்போதுதான் ஐயாசாமியைக் கவனித்தார்.

ஐயாசாமி நாற்பதைத் தாண்டிய பால்வெட்டுக்காரர். சிறு வயதில் பள்ளிக்கூடத்து வாசலோடு அனுப்பப்பட்டவர். படிப்பு தனக்கு வராது என்று எல்லோரும் சொன்னதை நாற்பது வயதுவரை நம்பியும் இருந்தார். இப்போது பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாம் வந்தது. ஒன்று முதல் பத்துவரை ஒரே மாலையில் வந்தது. காலையில் மரத்துக்கு மரம் நிப்பொங்கோவில் எண்ணிக்கொண்டே போனார். எதிர்ப்பட்ட ஆட்டுக்கும் நிப்பொங்கோவில் வணக்கம் சொன்னார்.

ஆசிரியர் தனியே அழைத்துக் கெஞ்சினார். ஐயாசாமி முகம் வாடிவிட்டது.

"படிக்காதவன் படிக்காதவன்னு இத்தன வருஷம் கேட்டாச்சு சார். இப்பதான் எனக்கும் படிப்பு வருதுன்னு தெரியுது. இப்பப் போயி தெரியாதுன்னு சொல்லச் சொல்றீங்களே, நாயமா?"

"சயாமுக்கு அனுப்பிடுவான் ஐயாசாமி."

"சின்னம் குத்தியிருக்கிறவன அடிக்க மாட்டானாம் சார். மேஸ்திரி வேல குடுப்பானாம்."

நன்றாகப் படிக்காதே என்று ஒரு மாணவனிடம் சொல்ல மரியநாதனின் நாக்கு பழகியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அத்தனை பயத்திலும் அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. இருபது வருடத்தில் இப்படி ஒரு மாணவன் அவருக்குக் கிடைத்ததில்லை.

அன்று சாயங்காலம் ஐயாசாமியின் மனைவி கிருஷ்ணம்மா ஆசிரியர் வீட்டுக்கு வந்தாள். நேரே அடுப்படிக்குப் போய் அவருடைய மனைவி அமலோற்பவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"வூட்டுல எங்கிட்டகூட அந்த பாஷையிலதான் கஞ்சி கேக்குறாரு டீச்சரம்மா. எங்க அண்ணன் மொத லாரியில போச்சு. இவரும் போயிட்டா நான் என்னா செய்வேன்?"

அவள் போனபின் அமலோற்பவம் கணவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"வாழ்க்கையில ஒரு நாளாவது தப்பா சொல்லிக்குடுங்களேன்."

"பொய் சொல்றது பாவம் அமலோற்பவம். அதுவும் வாத்தியார்."

"அது மனுசங்களுக்குச் சொல்ற பொய்க்கு. இலாகாவுக்குச் சொல்றதுக்கு சாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க சரியா சொல்லிக்குடுத்தீங்கன்னா அந்தாளு செத்துப்போயிடுவான்."

மரியநாதன் பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தார். அதற்கு அடுத்திருந்த மாதாவையும் பார்த்தார். பிறகு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

அன்றைய பாடம் பொருட்களின் பெயர்கள். பென்சிலை உயர்த்திப் பிடித்து, "போஷி" என்றார். ஐயாசாமி உடனே கையைத் தூக்கினார்.

"சார், போன வாரம் போஷின்னா தொப்பின்னு சொன்னீங்க. பென்சிலு எம்பிட்சுல்ல?"

மரியநாதன் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"போன வாரம் வரைக்கும் அப்படித்தான். இலாகாவுல இருந்து புது அறிவிப்பு வந்திருக்கு. இனிமே பென்சிலு போஷி, தொப்பி எம்பிட்சு."

ஐயாசாமி இதைக் கேட்டுத் துளியும் ஆச்சரியப்படவில்லை. மணியை மாற்றினார்கள், வருடத்தை மாற்றினார்கள், சாமி கும்பிடும் திசையை மாற்றினார்கள். பென்சிலை மட்டும் விட்டுவைப்பார்களா என்ன? "ஹாய்" என்று குனிந்து, புதுப் பாடத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கினார். கல்வி இலாகாவின் இடைவிடாத முன்னேற்றம் ஒரு மனிதனுக்கு நேரடியாக உதவியது என்றால், அது அந்த நிமிஷத்தில்தான்.

அதன்பிறகு மரியநாதனுக்கு வேகம் பிறந்துவிட்டது. கையைக் கால் ஆக்கினார், காலைக் கை ஆக்கினார். நில் என்றால் உட்கார வைத்தார். சரியான விடை தவறிப்போய் யார் வாயிலிருந்தாவது வந்தால் மேசையில் பிரம்பைத் தட்டினார். தப்பை அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு சிரத்தையாக, இலக்கண சுத்தமாகக் கற்பித்த ஆசிரியர் தீபகற்பத்திலேயே கிடையாது. ஐயாசாமி மற்றவர்களுக்கு ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

தேர்வு நாள் வந்தது. இடுப்பில் நீண்ட வாளோடு ஜப்பானிய அதிகாரி வந்தார். பின்னால் கனகராஜ் குனிந்தபடியே வந்தார். கிருஷ்ணம்மாவும் மற்றப் பெண்களும் மரவள்ளிக்குக் களை எடுக்கும் சாக்கில் திடலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு களையும் பிடுங்கப்படவில்லை.

யார் பதில் சொல்கிறீர்கள் என்று அதிகாரி கேட்பதற்குள் ஐயாசாமி எழுந்து நின்றுவிட்டார். மரியநாதன் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டார். பழைய பாடம் அந்த மண்டையில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால்?

அதிகாரி பென்சிலைக் காட்டினார்.

"போஷி" என்றார் ஐயாசாமி, சுவர் அதிர.

அதிகாரி தன் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

"எம்பிட்சு."

அதிகாரியின் முகம் சிவந்தது. கையைத் தூக்கு என்று நிப்பொங்கோவில் கத்தினார். ஐயாசாமி மட்டுமல்ல, வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வலது காலைத் தூக்கியது. பயிற்சியின் சிறப்பால் ஒருவரும் ஆடவில்லை. மீசைக்காரர்கள் எல்லாம் ஒற்றைக் காலில் நின்று அதிகாரியை ஆவலோடு பார்த்தார்கள். உட்கார் என்றார், பெஞ்சின்மேல் ஏறி நின்றார்கள்.

அதிகாரி மாணவர்களை ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு ஆர்வத்தை எந்த உத்தரவின்படி தண்டிப்பது? நேரே மரியநாதனிடம் வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி போய் மூலையில் விழுந்தது. மரியநாதன் அதைத் தேடவில்லை. இடுப்பு வளையக் குனிந்து, தனக்குத் தெரிந்த சரியான நிப்பொங்கோவில் நன்றி சொன்னார். அவர் வாழ்க்கையில் வாங்கிய பரிசுகளிலேயே அதுதான் இனித்தது.

முழுத் தோல்வி. வகுப்பு தொடர வேண்டும் என்று உத்தரவாயிற்று. "இந்த மாநிலத்துலயே இப்படி ஒரு பள்ளிக்கூடத்த நான் பார்த்ததில்ல" என்று கனகராஜ் தலையில் அடித்துக்கொண்டார். திடலில் கிருஷ்ணம்மா ஒரு மரவள்ளிச் செடியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். ஐயாசாமி மட்டும் மனம் உடைந்துபோனார். சாயங்காலம் ஆசிரியரிடம் வந்து, "அந்த ஆளுக்கே நிப்பொங்கோ சரியா வரல சார். புது அறிவிப்பு இன்னும் பாக்கல போல" என்றார்.

அடுத்த தவணையும் அவர்கள் தோற்றார்கள், அதற்கடுத்த தவணையும். லாரி ஒவ்வொரு முறையும் பள்ளி வாசலில் நின்று, உள்ளேயிருந்து வரும் "ஹாய்" சத்தத்தைக் கேட்டுவிட்டு, நூற்றுக்கு நூறு தேறிய தோட்டங்களுக்குப் போயிற்று.

பிறகு வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். புதுத் தவணைத் தொடக்கத்தில் குளுவாங்கில் மறுபடியும் கூட்டம். மறுபடியும் கனகராஜ், மறுபடியும் சோலா தொப்பி. கடிகாரங்களைப் பின்னால் தள்ள வேண்டும் என்றார். வணங்கும் திசையை மாற்ற வேண்டும் என்றார். அதன்பின் குரல் கனிந்தது. அரசு எதுவானாலும் கல்வி கல்விதான்; ஆகவே கடினமான அந்த ஆண்டுகளிலும் கட்டுப்பாடு குலையாமல் முழுத் தேர்ச்சி காட்டிய பள்ளிகளுக்கு இலாகா பாராட்டுப் பத்திரம் தருகிறது என்றார். தலைமையாசிரியர்கள் சிலர் மேடைக்குப் போய்ப் பத்திரத்தைத் தலைகுனிந்து வாங்கினார்கள். அவர்களில் ஒருவரும் கூட்டத்தின் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மரியநாதன், எழுந்திருங்க. மூணு வருஷமா உங்க பள்ளியில ஒருத்தன்கூட தேறல. என்னா காரணம்?" என்று கேட்டார் கனகராஜ்.

மரியநாதன் எழுந்தார். வெளியே திரும்பிப் பார்த்தார். ஆசிரியருக்கு ஏதோ தண்டனை என்று கேள்விப்பட்டு, தேறாத மாணவர்கள் பெக்கோக்கிலிருந்து கூட்டமாக வந்து ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஐயாசாமி. மேசைமேல் இருந்த சோலா தொப்பியைச் சுட்டிக்காட்டி, "எம்பிட்சு" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குறும்பு இருந்தது. எப்போது தெரிந்துகொண்டாரோ, எத்தனை நாளாக ஆசிரியரின் மனம் கோணக்கூடாது என்று தப்பாகவே படித்துவந்தாரோ. மரியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் பிள்ளைங்க எல்லாரும் ஜன்னல்ல நிக்கிறாங்க சார்" என்றார். "தேறின பள்ளிக்கூடங்கள்ல இருந்து ஒரே ஒருத்தர கூப்பிடுங்க. எப்படித் தேறினாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சிக்கிறேன்."

கனகராஜ் கூட்டத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த செய்தியை வாசித்தார்: முழுத் தேர்ச்சி பெற்ற பள்ளிகளில் மாலை வகுப்புக்கு இப்போது ஒருவர்கூட வருவதில்லை என்று இலாகாவுக்குத் தெரியவருகிறது, பெரியவர்களுக்குப் படிப்பில் இருக்கும் இந்த அக்கறையின்மை மிகவும் வருந்தத்தக்கது.