கிருமி காட்டிய சரவெடி

கையைக் கழுவுவதற்கு முன்னால், கையில் குடியிருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரே மனுஷி இந்த உலகத்தில் எங்கள் கிருமிதான். வீட்டில் வைத்த பெயர் வேறு. விருதுநகரில் எங்கள் கல்லூரி விடுதியில் வார்டன் மேடம் வரைக்கும் எல்லோருக்கும் அவள் கிருமி. அவள் மைக்ரோபயாலஜி, நான் பி.காம்., அவளுக்கு ஒரு வருஷம் ஜூனியர். இரண்டு பேருக்கும் ஒரே ரூம்.

அவள் சொந்த ஊர் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம். அப்பா இல்லை. அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறார். அதனால் கிருமி நுண்ணுயிர்களை வகை பிரிக்கும்போது தீபாவளிக் கடைக்கு முன்னால் நிற்பது போலவே இருக்கும்.

"ஏ பிள்ள, கேட்டுக்கோ. உருண்டையா இருந்தா காக்கஸ், வெங்காய வெடி. நீளமா இருந்தா பாசில்லஸ், தீக்குச்சி. நெளிஞ்சு கெடந்தா ஸ்பைரில்லம், பாம்பு மாத்திரை. உருண்டையெல்லாம் வரிசையாக் கோத்துக்கிட்டு நின்னா ஸ்ட்ரெப்டோகாக்கஸ். சரவெடி!"

"வைரஸு?"

"பாக்டீரியாவுக்குள்ள பூந்து அதையே வெடிக்க வைக்கிற வைரஸ் ஒண்ணு இருக்கு. பாக்க அசல் ராக்கெட்டு!"

டெபிட், கிரெடிட் தவிர ஒன்றும் ஏறாத என் மண்டையிலேயே இதெல்லாம் ஏறிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு விட்டாளா? விடுதியையே வகை பிரித்தாள். வார்டன் மேடம் பூஞ்சை: "ஈரமான எடத்துல திடீர்னு மொளைப்பாக, பாத்ரூம் வாசல்ல பாரு." வெயிலில் உட்கார்ந்து படிக்கும் முதல் பெஞ்சுக்காரிகள் பாசி. மெஸ் கியூ அமீபா, அதற்கு எப்போதும் ஒரு வடிவமே கிடையாது. "அப்ப நான்?" என்றேன். "நீ வைரஸ்டி. தனியா இருந்தா சும்மா தூசி. அடுத்தவ ரூமுக்குள்ள நுழைஞ்சாத்தான் உனக்கு உசுரே வருது."

கடைசி வருஷம் அவளுக்குக் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. சீட் கிடைத்தது. அம்மா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "கண்ணுக்கே தெரியாததப் படிக்க அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்? கண்ணுல காட்டு, அப்புறம் பாப்போம்." காட்ட முடியாவிட்டால் படிப்பு முடிந்தது, கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். கிருமி ஒரு வாரமாகத் தட்டில் பாக்டீரியா வளர்த்தாள். அதைக் குழந்தை மாதிரித் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அம்மா வந்தார். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தடவினார். "தகடு எங்கன இருக்கு?" பட்டாசுக் கம்பெனியில் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "இங்க அதெல்லாம் வேணாம்மா" என்று கிருமி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

உள்ளே அலமாரி நிறைய கெமிக்கல் பாட்டில்கள். அதற்குப் பக்கத்தில், ஸ்லைடைச் சூடு காட்ட ஏற்றிவைத்த ஸ்பிரிட் விளக்கு.

"ஏ மூதி! மருந்துக்குப் பக்கத்துல தீயா வைப்பே?"

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்த மணல் வாளி மேஜை மேல் கவிழ்ந்திருந்தது. விளக்கு அணைந்தது. தட்டும் ஸ்லைடும் மணலுக்கடியில் சமாதி.

கிருமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அம்மாவின் காலடியில் இருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தேன்.

"அத்தை, அதுல என்ன?"

"உங்களுக்குத்தான் தாயி, தயிரு."

பாலைத் தயிராக்குவதே பாக்டீரியாதானே! கிருமி துள்ளி எழுந்தாள். தயிரை ஒரு பொட்டு எடுத்துக் கண்ணாடியில் தேய்த்தாள். கண்ணாடியில் ஒட்டவைக்கத் தீக்குப் பதில் மெத்தனால், அப்புறம் நிறம் ஏற ஊதாச் சாயம். மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

"பாரும்மா."

"கறுப்பாக் கம்பி கம்பியாத் தெரியுது."

"அது ஒன் கண்ணு முடி. இன்னும் கிட்டத்துல வா."

அம்மா இன்னும் குனிந்து லென்ஸில் கண்ணை ஒட்டினார்.

"ஏடி... சரம்டி! சின்னச் சின்னச் சரம். பக்கத்துலயே குச்சி குச்சியா..." அம்மாவின் குரல் ஏறியது. "நம்ம சிவகாசியே உள்ள கெடக்கேடி! யாரு பின்னுனா இத?"

"அதுகளேதான்மா. ஒண்ணு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும். பிரிஞ்சதுக விலகாம ஒட்டிக்கிட்டே நிக்கும்."

அம்மா கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இது வெடிக்காதுல்ல?"

"வெடிக்காதும்மா."

"அப்ப இந்தச் சரத்தையே பிடிச்சுக்கோ. போய்ப் படி."

கிருமி கோயம்புத்தூர் பஸ் ஏறிய அன்று, "ரூம்ல தனியா இருக்கோம்னு நெனைக்காத. கோடிக்கணக்குல ஆளு இருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுவர், தலையணை, பக்கெட் என்று எல்லா இடத்திலும் இருந்திருப்பார்கள்தான். ஆனாலும் அன்று அந்த ரூமில் யாருமே இல்லை.