அஞ்சு நோடு

ரிச்சர்ட்ஸ் டவுன்வாசியான ஹெர்பர்ட், கன்னட நாட்டுக் கன்டோன்மென்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். எனினும் அவர் அறிந்த கன்னடச் சொல் 'நோடு' ஒன்றே. 'பார்' என்று அதற்குப் பொருள். அந்த அரைகுறை ஞானமே அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கதிகலங்கச் செய்தது.

அவருடைய மூத்திரப்பையின் கீழுள்ள சுரப்பியில் புற்று கண்டிருந்தது. டாக்டர் சேஷகிரி ராவ் அதனை அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். "வெட்டிய சதையின் ஓரம் சுத்தமாயிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஓரம்வரை நோய் பரவியிருந்தால் மறுபடி தலைகாட்டக்கூடும்" என்று இங்கிலீஷில் விளக்கியுமிருந்தார்.

இன்று காலை டாக்டர் வந்தபோது, மனைவி அல்போன்சா காபிக் கூஜாவுடன் நின்றிருந்தாள். செங்கரையிட்ட மாம்பழ நிறப் புதுச்சேலை உடுத்தியிருந்தாள். 'பேண்டு வாத்தியக்காரன் உடுப்பு' என்று ஹெர்பர்ட் அப்போதுதான் அதைப் பழித்து முடித்திருந்தார். டாக்டர் நர்ஸ் ஃபாத்திமாவின் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில், "அஞ்சு நோடு, அஞ்சு!" என்றார்.

தமக்கு மிஞ்சியது அஞ்சுதான் என்று ஹெர்பர்ட் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

மாலையில் வந்த நண்பர் சிரிலிடம் புலம்பினார்.

"அஞ்சு வருஷமா இருக்கும், மேன்!" என்று தேற்றினார் சிரில்.

"வருஷக்கணக்குன்னா ரகசியமா ஏன் சொல்றாங்க? வாரம்தான். என் ஞாயித்துக்கிழமை கோட்டை நீயே வச்சுக்கோ."

சிரில் கட்டிலருகே தொங்கிய கோட்டை அணிந்துகொண்டு, அழுதபடி கோயிலுக்கு ஓடினார். சற்று நேரத்தில் பாதிரியார், சாகக்கிடப்பவருக்குப் பூசும் அவஸ்தைப்பூசுதல் எண்ணெயுடன் வந்து நின்றார். அதைக் கண்டு பக்கத்துக் கட்டில்காரர் தம் முறையும் வந்துவிட்டதென்று அலறினார். அந்த அலறல் கேட்டு அல்போன்சா ஓடிவந்தாள்.

"என்னங்க இது? சாமியார் எதுக்கு?"

"உன் சேலையைப் பழிச்சிட்டேன், மன்னிச்சிடு. என் அடக்கத்துக்கும் அதையே கட்டிக்க."

"மஞ்சள் சேலையில அடக்கத்துக்கு வருவாங்களா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்று சீறியவள், அவர் கையைப் பற்றிக்கொண்டு தேம்பினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபாத்திமாவை வழிமறித்தாள்.

"மறைக்காம சொல்லும்மா. டாக்டர் அஞ்சுன்னாரே, வாரமா, மாசமா?"

ஃபாத்திமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அம்மா, சோதனை முடிவு இப்பத்தான் வந்திச்சு, ஓரம் சுத்தம், கன்னடத்துல அஞ்சுன்னா ஓரம், கரை, ஆனா காலையில டாக்டர் பார்க்கச் சொன்னது உங்க சேலைக் கரையை!"