கோபம் ஆகாத வீடு

கொடியில் காய்ந்த வேட்டியை ஆடு தின்றுகொண்டிருந்தது. துரைக்கண்ணு கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். கத்த முடியாது. கத்தினால் தலை வெடித்துவிடும்.

திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை ஏலம் கூவுகிறவன் அவன். வீட்டிலும் அதே தொண்டைதான். போன வாரம் தலைவலிக்கு மருந்து வாங்க விழுப்புரத்து டாக்டரம்மாவிடம் போனான். டாக்டரம்மா அவனைச் சோதித்தார், துணைக்குப் போன மனைவி அம்சவள்ளியையும் பார்த்தார். பிறகு அவனை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் மட்டும் பேசினார். கெட்ட சேதியை நோயாளியிடமா சொல்வார்கள்?

"தலைக்குள்ள ரத்தக் குழாய் ஒண்ணு குமிழாட்டம் உப்பிக்கினு இருக்குதாம்," என்றாள் அம்சவள்ளி. "கோபம், கூச்சல், பாரம், சுருட்டு எதுவும் ஆகாதாம். அடக்கமா இருந்தா ரொம்ப வருஷம் இருக்கலாமாம்."

அன்றோடு வீடு அடங்கியது. கதவுக்கு எண்ணெய் போட்டாயிற்று. கோழிகள் மாமியார் ஊருக்குப் போயின. பக்கத்து வீட்டு முருகையன் குடத்துத் தண்ணீரை வாய் திறக்காமல் இறக்கிவிட்டுப் போனான்.

"ஏன், நீ தூக்கினா என்னா?" என்று மெல்லக் கேட்டான் துரைக்கண்ணு.

"நான் தூக்கினா நீங்க பதறுவீங்க. பதறினா வெடிச்சிடும்."

நியாயமாகத்தான் பட்டது.

யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். பொழுது சாய்ந்ததும் வீடு இருண்டது. காதுக்குள் டொக், டொக் என்று ஏதோ தட்டியது. திரும்பினால் அம்சவள்ளி அசையாமல் உட்கார்ந்து, ஒரு கண் பாதி மூடி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டியையே அதட்டியவன் சுவரோரம் ஒதுங்கினான்.

"ஏதாவது பேசு. பழையபடி சண்டையாவது போடு!"

"ஆகாதுங்க," என்று கிசுகிசுத்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

வீட்டில் இருந்தால்தானே பயம் என்று மண்டிக்குப் போய், கிசுகிசுத்தே ஏலம் கூவினான். பேய் அடித்துவிட்டது என்று வியாபாரிகள் விலகி ஓடினார்கள். மறுநாள் அவர்களே பூசாரியை அனுப்பிவைத்தார்கள். அவர் வாசலில் நின்று உடுக்கை அடிக்க, துரைக்கண்ணு காதைப் பொத்திக்கொண்டு கண்ணாலேயே கெஞ்சினான். செத்தோம் என்றே நினைத்தான்.

அப்போதுதான் நோயாளியைப் பார்க்க டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி நர்ஸ் சவுரியம்மாள் வந்து சேர்ந்தாள்.

"யோவ் பூசாரி, நிறுத்துய்யா! நோயாளி இருக்கற வூடு!"

உடுக்கை நின்றது. துரைக்கண்ணு அவளைக் கும்பிட்டான்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. என் தலை தாங்குமா, பாருங்க."

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்சவள்ளி 'வேண்டாம், வேண்டாம்' என்று கைஜாடை காட்டினாள். சவுரியம்மாள் பார்த்தால்தானே!

"உங்க தலைக்கு என்னாங்க கேடு? உப்பிக்கினு இருக்கறது இந்தம்மா தலையில. 'என் உசுருக்குன்னா கோபத்தை விடமாட்டாரு, தன் உசுருக்குன்னா விட்டுடுவாரு'ன்னு டாக்டரம்மாகிட்ட இவங்கதான சொன்னாங்க!"