மேடையில் ஒரு நாற்காலி கூடுதல்

ஓர் அமைச்சர் நாற்காலியின் விலை, ஒரு நாளைக்கு நாற்பது. மெத்தை வேண்டுமென்றால் இன்னும் ஐந்து. கோடிகளைக் கொட்டி, கும்பிடு போட்டு, கூட இருந்தவன் காலையும் வாரிவிட்டு மனிதர்கள் அடித்துக்கொள்ளும் அந்தச் சாமானை நாற்காலிக்காரர் பல வருஷமாக இந்த வாடகைக்குத்தான் விட்டுக்கொண்டிருந்தார். மொத்தமாக எடுத்தால் தள்ளுபடியும் உண்டு.

பதவியேற்பு மண்டபத்தில் அவர் பதினாறு நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டு நிமிர்ந்தபோது, புது முதல்வரின் செயலாளர் வந்து தோளில் கை போட்டார்.

“முதல்வரையும் சேத்து அமைச்சராகப் போற பதினாறு பேரும் ஒண்ணாவே வருவாங்க. மிச்ச உறுப்பினர்கள் முன்னாடியே வந்து கீழ உக்காந்திருப்பாங்க. அதுல ஒருத்தர்கூட கோவிச்சுட்டு வெளிய போயிடக் கூடாது. நம்ம பக்கம் மொத்தமே நாப்பத்துநாலு பேர். ஒண்ணு குறைஞ்சாலும் ஆட்சி அம்பேல்.”

“நான் நாற்காலிக்காரன்தாங்களே?”

“அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். மத்தியானம் வரைக்கும் எல்லாரையும் உக்கார வெச்சுட்டீங்கன்னா, இந்த ஆட்சி முடியறவரைக்கும் அரசு விழா அத்தனைக்கும் உங்க நாற்காலிதான். முடியாதுன்னா சொல்லுங்க, எதிர்க் கடைக்காரர் நேத்தே வந்து கேட்டுட்டுப் போனார்.”

எதிர்க் கடை என்றதும் நாற்காலிக்காரருக்குத் தன் கிடங்கு ஞாபகம் வந்தது. மனைவியின் வளையல்களை விற்று வாங்கிய புது நாற்காலிகள் கிடங்கில் தூசி தின்றுகொண்டிருந்தன. “ஒருத்தர் அசைய மாட்டாங்க” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வாசலில் பாதுகாப்புக்கு என்று செல்போன்களை ஒரு கூடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு உறுப்பினர்களை உள்ளே விட்டார்கள். முதலில் வந்தவர் மீசை. தொகுதியில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. மேடையை விரல் நீட்டி எண்ணினார். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார்.

“பதினாறுன்னாங்க. பதினேழு கிடக்குதே?”

கால் கீல் உடைந்தால் மாற்றுவதற்காக எந்த விழாவுக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடுதலாகப் போட்டு வைப்பது தொழில் வழக்கம்.

“அது சும்மா உபரிங்க.”

“யாரைப் பாத்துய்யா உபரிங்கறே?”

நாற்காலிக்காரர் பதறிப்போய், கூட வந்திருந்த மைத்துனனைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொன்னார். அதுதான் வினையாகப் போயிற்று.

“என் நாற்காலியத் தூக்கறானுங்க!” என்று மீசை வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார். நாற்காலிக்காரர் ஓடி மறித்து, கையைப் பிடித்து அழைத்து வந்து, நாற்காலியைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்து உட்கார வைத்தார்.

மீசை உட்கார்ந்ததுதான் தாமதம், அப்போதுதான் உள்ளே நுழைந்த வக்கீலம்மா நின்ற இடத்திலிருந்தே கேட்டார். “நான் வாங்கின ஓட்டுல பாதிகூட வாங்காதவர் மேல, நான் கீழயா?”

“அம்மா, அது உபரி நாற்காலிங்க.”

“அப்ப எனக்கும் ஓர் உபரி போடு.”

நாற்காலிக்காரர் வாசலுக்கு ஓடினார். செயலாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“போடுங்க.”

“அமைச்சரவை பெருசாயிடுமேங்க?”

“கேக்கறவங்களுக்கெல்லாம் போடுங்க. ஆனா யாரும் வெளிய போகக் கூடாது.”

கேட்காதவர் யார்? கிடங்கிலிருந்து வண்டி வண்டியாக நாற்காலி வந்தது. இரண்டாம் வரிசை போட்டார். அதில் உட்கார ஒருவரும் சம்மதிக்கவில்லை. யாரும் யாருக்கும் பின்னால் இல்லாதபடி பிறை வடிவத்தில் வளைத்துப் போட்டார். ஓரத்தில் இருந்தவர்கள் திரைக்குப் பின்னால் போய்விட்டதாகக் கூச்சல் போட்டார்கள். திரையை அவிழ்த்தார்.

“மாமா, இவங்க ஆட்சி அமைக்கறாங்களா, பஸ்ஸு விடறாங்களா?” என்றான் மைத்துனன்.

“வாயை மூடிட்டுப் பிரிச்சுப் போடு.”

உட்கார்ந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. துறைகளைத் தாங்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். பற்றாக்குறை வந்ததால் மீன்வளம் இரண்டாகி, கடல் மீன் ஒருவருக்கும் குளத்து மீன் இன்னொருவருக்கும் போயிற்று.

அப்போதுதான் முதல்வரின் சம்பந்திக்குக் கண் திறந்தது. “முன்னாடியே போட்ட பதினாறுக்கும் கை இருக்கு. எனக்குப் போட்டதுல கை இல்லையே. கை இருந்தா நிதி, போலீசு. இல்லாட்டி மீனு. அதானே?”

“ஐயா, இது மரம், அது பிளாஸ்டிக். வேற ஒண்ணுமில்ல.”

“எனக்கே கதை சொல்றியா? சம்பந்திக்கு இந்த மரியாதைன்னா, நான் எதிர்க்கட்சிக்கே போறேன்!”

அவர் எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் ஒன்பது பேர் எழுந்தார்கள். கையுள்ள நாற்காலி கடையில் வேறு கிடையாது. நாற்காலிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“ரம்பத்தை எடு.”

“மாமா! தேக்கு மாமா!”

“அறுடா!”

பதினாறு நாற்காலிகளும் கை இழந்தன. மேடையில் சமத்துவம் நிலவியது. சம்பந்தி திருப்தியாக உட்கார்ந்தார், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மேடையில் இப்போது நாற்பத்துநாலு. ஆளுங்கட்சியில் எத்தனை தலையோ அத்தனை நாற்காலி. கீழே ஒரு தலை இல்லை.

எல்லாருமே அமைச்சர் என்றால் யார் யாருக்கு மனுக் கொடுப்பது என்று நாற்காலிக்காரருக்குப் புரியவில்லை. புரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. உச்சி வேளை தாண்டிவிட்டது, ஒருவரும் வெளியே போகவில்லை, குத்தகை தப்பித்தது. அந்த நல்ல செய்தியைச் சொல்ல வாசலுக்கு வந்தார். செயலாளரைக் காணோம். அவருடைய டிரைவர்தான் செல்போன் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“எல்லாரும் உக்காந்தாச்சு தம்பி. முதல்வர் எப்ப வர்றார்?”

டிரைவர் கூடையை அவர் கையில் கொடுத்தார்.

“அவர் இங்க எதுக்குண்ணே வர்றார்? பதவியேற்பு ஆளுநர் மாளிகையில இப்பத்தான் முடிஞ்சுது. அங்க பதவி ஏத்தது பதினாறு, இங்க நீங்க பிடிச்சு உக்கார வெச்சது இருபத்தெட்டு, ஆக நாப்பத்துநாலு, கணக்கு டாலி.”