ஆறு தலைவர்களும் ஒரு தோட்டமும்

என் வாழ்க்கையின் மிகப் பெரிய தீர்மானத்தை ஸ்டூல் மேல் நின்றுகொண்டு எடுத்தேன். கையில் ஈரத்துணி. தலைக்கு மேல் ஃபேன். கீழே என் மனைவி.

"அந்த இறக்கையில இன்னும் தூசி இருக்கு பாருங்க."

ஒவ்வொரு ஞாயிறும் இதே கதி. வாரம் முழுக்க ஆபீசில் குனிந்த தலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அண்ணாந்த தலை. நேராக இருந்து பல வருஷம் ஆகிறது.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பொதுத் தோட்டம் உண்டு. தோட்டம் என்று பலகைதான் சொல்கிறது. உள்ளே ஆளுயரப் புதர். விழுந்த பந்து திரும்பாது, தேடிப் போன ஆளும் சந்தேகம்தான். அதைச் சீராக்கத் தொண்டர்களைச் சேர்ப்பது, நானே தலைவர் ஆவது, அவர்கள் வெட்டும்போது நான் மரத்தடி நாற்காலியில் கண்ணை மூடிச் சிந்திப்பது. இதுதான் திட்டம். பறிபோன என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் திரும்பக் கிடைத்துவிடும்!

"தோட்டத்தைச் சரி பண்ணலாம்னு இருக்கேன்," என்றேன்.

"யாரு, நீங்களா?"

"நான் தலைமை தாங்கறேன். வேலை செய்ய ஆளுங்க வருவாங்க."

"ஞாயித்துக்கிழமையா?"

"பொதுக்காரியம்னா அன்னிக்குத்தானே முடியும்?"

"தாராளமா போங்க. ஆளுங்களுக்கு நான் சொல்லிடறேன்."

வாதாட எத்தனையோ பதில் தயார் செய்திருந்தேன். அத்தனையும் வீண். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு தொப்பி, விசில், மடக்கு நாற்காலியோடு போனேன். எனக்கு முன்பே மேல்வீட்டுப் பல் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டர். அவருக்கும் நாற்காலி. பின்னாலேயே தையல்காரர் உட்பட இன்னும் மூன்று பேர், மூன்று நாற்காலி.

"தொண்டர்கள் எங்க?" என்றார் டாக்டர்.

"நீங்கதானே சார்?"

"நானா? நான் தலைவர்!"

"நான்தான் தலைவர்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றார் மாஸ்டர். எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

ஆறு பேர் கழுத்திலும் விசில். ஆறும் ஒரே நேரத்தில் ஒலித்தன. பால்கனியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"எதுக்குங்க சண்டை? ஆளுக்கொரு பக்கம் வெட்டுங்க. முதல்ல முடிக்கறவர் தலைவர்!"

மற்ற பால்கனிகள் கைதட்டின. மாடிப்படிக்கு அடியில் ஆறு மண்வெட்டி தயாராக இருந்தது. அது எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மானப் பிரச்சினை.

வெட்டினோம். டாக்டர் ஒவ்வொரு களையையும் "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லியே வேரோடு பிடுங்கினார். மாஸ்டர் என் எல்லைக்குள் வந்துவிட்டு, "இன்டிகேட்டர் போட்டேனே!" என்றார். தையல்காரர் பாத்திக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் நான் பாதி தூரம் போய்விட்டேன். புதருக்குள்ளிருந்து பந்தாக வெளியே வந்தது. குழந்தைகள் கத்திய கத்தலில் காது அடைத்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், தூக்கம் நினைப்புக்கே வரவில்லை. இடுப்பு ஒடிந்தது, மனசு துள்ளியது. முதலில் முடித்தவன் நானே!

என் மனைவி இறங்கி வந்து என் தோளில் மாலை மாதிரி ஒன்றைப் போட்டாள். ரப்பர் குழாய்.

"இது எதுக்கு?"

"தினமும் தண்ணி பாய்ச்சறது தலைவர் வேலை. குழாய்ல காலையில அஞ்சு மணிக்குத்தான் தண்ணி வரும்."

தோற்ற ஐவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை கூடவா?"

"செடிக்கு ஏதுங்க லீவு?"

"அப்போ நான் ராஜினாமா பண்றேன். யார்கிட்ட குடுக்கணும்?"

"தோட்டக்குழு தலைவிகிட்ட."

"அது யாரு?"

"நான்தான். ஏத்துக்கறதில்லைன்னு போன வாரமே நாங்க ஆறு வீட்டுப் பொம்பளைங்களும் பேசி முடிவு பண்ணிட்டோம்."